'கன்டின்ஜென்சி' என்ற ஆங்கிலச் சொல்லை எந்த இடத்தில் எப்படிப் புரிந்துகொள்வது?

தாள்புரட்டி கேட்டது:

வணக்கம். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் ஆலைப் பாதுகாப்புத் திட்டத்தையும் தமிழாக்க வேண்டும். இரண்டிலும் 'கன்டின்ஜென்சி', 'கன்டின்ஜென்ட்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அகராதி 'எதிர்பாரா நிகழ்வு' என்கிறது. இணைச்சொல் அகராதியைப் புரட்டினால் ஈவென்ச்சுவாலிட்டி, பாசிபிலிட்டி, லைக்லிஹுட், சான்ஸ், எமர்ஜென்சி எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. எதை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது போல.

சிக்கலான வாக்கியங்களின் சாரம் இது:

(1) எந்த ஈவென்ச்சுவாலிட்டி வந்தாலும் சமாளிக்க கன்டின்ஜென்சி பிளான் உண்டு.
(2) வரி வழக்குகள் தொடர்பான கன்டின்ஜென்ட் லயபிலிட்டி குறிப்புரையில் தரப்பட்டுள்ளது.
(3) புதிய கிடங்கின் மதிப்பீட்டில் 5% கன்டின்ஜென்சி சேர்க்கப்பட்டுள்ளது.
(4) பணம் வழங்குவது சுற்றுச்சூழல் அனுமதி கிடைப்பதற்குக் 'கன்டின்ஜென்ட் அப்பான்'.
(5) கனமழை 'லைக்லி' என்று அறிவிப்பு வந்தால் கீழ்த்தள மோட்டார் அறையை மூட வேண்டும்.

ஐந்துக்கும் 'எதிர்பாராத', 'சாத்தியம்', 'வாய்ப்பு' என்ற மூன்று சொற்களை வைத்து ஒப்பேற்றிவிட முடியுமா? 1ஆம் வாக்கியமே இடிக்கிறது. எதிர்பாராத ஒன்றுக்கு முன்கூட்டியே திட்டம் எப்படி இருக்கும்?

---

ஓலைச்சுவடி:

இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடிக்கிறது. கன்டின்ஜென்சி என்பது யாருமே நினைத்துப் பார்க்காத நிகழ்வு அல்ல. நடக்குமா நடக்காதா என்பது இப்போது தெரியாது, ஆனால் நடந்தாலும் நடக்கலாம் என்று முன்பே கணக்கில் எடுத்துக்கொண்ட நிகழ்வு. லத்தீன் வேருக்குத் தொடுதல், வந்து சேர்தல் என்று பொருள். தமிழில் 'நேர்தல்', 'நேரிடுதல்' இதற்கு மிக அருகில் நிற்கின்றன. 1ஆம் வாக்கியத்தை 'என்ன நேர்ந்தாலும் சமாளிக்க மாற்று ஏற்பாட்டுத் திட்டம் உண்டு' என்று முடித்துவிடலாம். அந்த வாக்கியத்தில் ஈவென்ச்சுவாலிட்டிக்குத் தனியாக ஒரு பெயர்ச்சொல் தேடவே வேண்டாம், வினையே போதும்.

இணைச்சொல் பட்டியலில் முதலில் வெளியே தள்ள வேண்டியது எமர்ஜென்சி. கன்டின்ஜென்சி நிகழ்வதற்கு முன்பு உள்ள நிலை. எமர்ஜென்சி நிகழ்ந்துவிட்ட நிலை, உடனே கைவைக்க வேண்டியது. கொதிகலன் வெடித்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருப்பது முதலாவதைச் சேர்ந்தது. வெடித்த பிறகு எந்தக் கதவு வழியாக ஓடுவது என்பது இரண்டாவது. பாதுகாப்புத் திட்டத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கும். இரண்டுக்கும் 'அவசரகாலத் திட்டம்' என்று போட்டீர்களானால் ஆலையில் வாசிப்பவர் குழம்புவார்.

மற்றவற்றைப் பிரிக்க ஒரு வழி: அந்தச் சொல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். 'நடக்க முடியுமா?' என்பதற்குப் பதில் பாசிபிலிட்டி. அதற்கு அளவு கிடையாது, உண்டு அல்லது இல்லை. ஆகவேதான் 'ஹை பாசிபிலிட்டி' என்பது ஆங்கிலம் நன்கறிந்த காதுக்கு உறுத்துகிறது. ஸ்ட்ராங், ரியல், டிஸ்டிங்க்ட் ஆகிய அடைகள்தான் அதனுடன் ஒட்டும். 'எவ்வளவு தூரம் நடக்கும்?' என்பதற்குப் பதில் ப்ராபபிலிட்டி, லைக்லிஹுட். இவற்றுக்கு 'ஹை', 'லோ' தாராளமாக வரலாம். ப்ராபபிலிட்டி எண்ணோடு பழகியது, பள்ளிப் பாடத்தில் வரும் நிகழ்தகவு அதுதான். லைக்லிஹுட் பேச்சு வழக்கில் அதற்கு மாற்று. ஆனால் புள்ளியியல் கட்டுரையானால் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ரொனால்ட் ஃபிஷர் 1920களின் தொடக்கத்திலேயே இரண்டையும் தனித்தனிக் கருத்துகளாகப் பிரித்துவிட்டார்.

ரிஸ்க் கெட்டதற்கு மட்டும். ப்ராஸ்பெக்ட் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்துகொண்டிருப்பது. நல்லதாகவும் இருக்கலாம், வேலை போகும் நிலையாகவும் இருக்கலாம். பன்மையில் 'ப்ராஸ்பெக்ட்ஸ்' என்றால் பெரும்பாலும் முன்னேற்ற வாய்ப்பு. ஆட்ஸ் பந்தயக் கணக்கு. 'த்ரீ டு ஒன் அகெய்ன்ஸ்ட்' என்றால் மூன்று பங்கு பாதகம், ஒரு பங்கு சாதகம், அதாவது 25%. இதை மூன்றில் ஒரு பங்கு என்று 33% ஆக்கிவிடுகிறவர்கள் நிறைய.

சான்ஸ் கொஞ்சம் ஏமாற்றும். 'சான்ஸ் டு வின்' என்றால் வெல்லக் கிடைத்த சந்தர்ப்பம், 'சான்ஸ் ஆஃப் வின்னிங்' என்றால் வெல்வது எந்த அளவுக்கு நடக்கக்கூடியது என்பது. பாசிபிலிட்டிக்கும் லைக்லிஹுட்டுக்கும் 'ஆஃப்' அல்லது 'தட்' வரும், 'டு' வராது. 'தேர் இஸ் எ பாசிபிலிட்டி டு கெட்' என்று நம் அலுவலகக் கடிதங்களில் வருவது பிழை.

ஈவென்ச்சுவாலிட்டி என்பது கன்டின்ஜென்சிக்கு உண்மையிலேயே நெருங்கிய உறவு. கொஞ்சம் விறைப்பான நடை, பெரும்பாலும் விரும்பத்தகாத நிகழ்வு. வேறுபாடு ஒன்றுதான்: கன்டின்ஜென்சி அந்த நிகழ்வையும் குறிக்கும், அதற்காக எடுத்துவைத்த பணத்தையும் ஏற்பாட்டையும் குறிக்கும். ஈவென்ச்சுவாலிட்டி நிகழ்வை மட்டும் குறிக்கும். உங்கள் 3ஆம் வாக்கியத்தில் '5% ஈவென்ச்சுவாலிட்டி' என்று மாற்றிப் பாருங்கள், நிற்காது. இன்னொன்று, 'ஈவென்ச்சுவலி' என்றால் 'ஒருவேளை' இல்லை, 'கடைசியில்'. ஜெர்மன் மொழியின் 'எவென்டுவெல்' தான் 'ஒருவேளை'. ஜெர்மன் நிறுவனத்தின் ஆங்கில ஆவணமானால் எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்று கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக 'வாய்ப்பு'. 'உயிரிழப்பு ஏற்பட வாய்ப்பு' என்று செய்திகளில் வருவதைத் தயவுசெய்து பாதுகாப்புத் திட்டத்தில் எழுதாதீர்கள். வாய்ப்பு வாய்ப்பது, நல்லதற்கே பொருந்தும். 'உயிரிழப்பு ஏற்படக்கூடும்' அல்லது 'ஏற்படும் அபாயம் உண்டு' போதும்.

---

பற்று_வரவு:

2ஆம் வாக்கியத்தில் கைவைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. கணக்கியலில் இந்தச் சொற்கள் இணைச்சொற்கள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சொல் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை லாப நட்டக் கணக்கைத் தொடுகிறதா இல்லையா என்பதே மாறிவிடும்.

இந்திய நிறுவனமானால் இண்ட் ஏஎஸ் 37 என்ற கணக்கியல் தரநிலை அல்லது பழைய ஏஎஸ் 29 பொருந்தும். கடந்த நிகழ்வால் இன்று ஒரு கடப்பாடு இருக்கிறது, அதைத் தீர்க்கப் பணம் வெளியே போவது 'ப்ராபபிள்', தொகையை நம்பத்தக்க வகையில் மதிப்பிட முடிகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ப்ரொவிஷன், தமிழ்ப் பாடநூல் சொல்லில் ஒதுக்கு. செலவாக எழுதியாக வேண்டும். இண்ட் ஏஎஸ் 37-இல் 'ப்ராபபிள்' என்றால் நடக்காததைவிட நடப்பதற்கே கூடுதல் இடம் என்று பொருள், அதாவது பாதிக்கு மேல்.

மூன்றில் ஒன்று குறைந்தால், அல்லது கடப்பாடு இருக்கிறதா என்பதே இனிமேல் நடக்கப்போகும், நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லாத நிகழ்வால்தான் தெரியவரும் என்றால், அது கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. இருப்புநிலைக் குறிப்பில் ஏறாது, குறிப்புரையில் மட்டும் வரும். பணம் வெளியே போவது 'ரிமோட்', அதாவது மிக அரிது என்றால் குறிப்புரையும் தேவையில்லை. மேல்முறையீட்டில் உள்ள வரிக் கோரிக்கை, பிறருக்காகக் கொடுத்த உத்தரவாதம் ஆகியவை வழக்கமான உதாரணங்கள்.

இங்கே 'எதிர்பாராப் பொறுப்பு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. வரித்துறையின் கோரிக்கைக் கடிதம் கையில் இருக்கிறது, வழக்கு எண் இருக்கிறது, தொகை இருக்கிறது. இதில் எதிர்பாராதது என்ன? 'நிகழ்வைச் சார்ந்த பொறுப்பு' அல்லது சுருக்கமாக 'நிகழத்தகு பொறுப்பு' என்று போடுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, ப்ராபபிள், பாசிபிள் இரண்டையும் 'சாத்தியமான' என்று எழுதிவிடுவது. முதலாவது செலவு, இரண்டாவது வெறும் குறிப்பு. தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஒரே அறிக்கை தன்னையே மறுப்பதுபோல் வாசிக்கும். 'நேர்வதற்கே வாய்ப்பு மிகுதி', 'நேரக்கூடும்', 'நேர்வது அரிது' என்று மூன்று படிகளாக வைத்துக்கொண்டு ஆவணம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். (ஓலைச்சுவடி மன்னிக்க, 'வாய்ப்பு' வந்துவிட்டது. 'நேரும் நிலையே மிகுதி' என்றும் எழுதலாம்.)

அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏஎஸ்சி 450 என்ற அமெரிக்கக் கணக்கியல் தரநிலையில் அதே 'ப்ராபபிள்' என்ற சொல்லுக்கு வரம்பு இன்னும் உயரம், வெறும் பாதிக்கு மேல் என்பது போதாது. நடுப்படிக்கு 'ரீசனபிளி பாசிபிள்' என்று தனிப்பெயர். சொல் ஒன்று, கோடு வேறு.

சொத்துப் பக்கம் கோடு இன்னும் கறார். வழக்கில் நமக்குப் பணம் வரும் என்பது 'வர்ச்சுவலி செர்டன்', கிட்டத்தட்ட உறுதி என்னும் வரை வருமானமாக எழுதக்கூடாது.

---

தாள்புரட்டி:

இருவருக்கும் நன்றி. மூன்று படி முறையை எடுத்துக்கொள்கிறேன். 3ஆம் வாக்கியத்தில் '5% எதிர்பாராச் செலவு' என்று போடலாமா? அதே அறிக்கையில் 'விலை உயர்வு' என்று தனி வரியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லையா?

---

செங்கல்:

ஒன்றில்லை. ஒன்றாக எண்ணித்தான் பல மதிப்பீடுகள் கவிழ்கின்றன.

கட்டட மதிப்பீட்டில் அளவுகளைக் கணக்கிட்டு, விலைவிகிதம் பெருக்கி, மொத்தம் போட்ட பிறகு 3 முதல் 5% வரை கன்டின்ஜென்சி என்று சேர்ப்பது வழக்கம். அது வரைபடத்தில் உள்ள அதே வேலையைச் செய்யும்போது தலைகாட்டும் சில்லறை மாறுதல்களுக்கு. அடித்தளம் தோண்டும்போது கணக்கைவிட அரை அடி கூடுதல் ஆழம், விட்டுப்போன ஒரு குழாய் இணைப்பு, நீர் இறைக்கும் செலவு, இப்படி. சிமென்ட், கம்பி விலை ஏறுவது இதில் வராது, அதற்கு ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு இருக்கும். உரிமையாளர் நடுவில் ஒரு மாடி கூட்டச் சொன்னால் அதுவும் வராது, அது வேலையின் எல்லையே மாறுவது, திருத்திய மதிப்பீடு போட வேண்டும். ஒப்பந்ததாரர் 'அந்த 5% எனக்குச் சேர வேண்டியதுதானே' என்பார். இல்லை. செலவாகாதது உரிமையாளரிடமே இருக்கும்.

திட்ட மேலாண்மைக்காரர்கள் இன்னொரு கோடு போடுகிறார்கள். அடையாளம் கண்ட இடர்களுக்கு ஒதுக்குவது கன்டின்ஜென்சி ரிசர்வ், திட்ட மேலாளர் கையில் இருக்கும். பெயர்கூடத் தெரியாத இடர்களுக்கு மேனேஜ்மென்ட் ரிசர்வ், அது மேலிடத்தின் அனுமதியோடுதான் அவிழும். 'எதிர்பாராச் செலவு' என்பது சரியாகச் சொன்னால் இந்த இரண்டாவதற்குத்தான் பொருந்தும்.

முதலாவதைக் கணக்கிடும் முறை எளிது. பாறை தட்டுப்படும் நிகழ்தகவு 30%, தட்டினால் 10 லட்சம் கூடுதல் என்றால் 3 லட்சம். நிலத்தடி நீர் ஊறும் நிகழ்தகவு 50%, ஊறினால் 2 லட்சம் என்றால் 1 லட்சம். ஆக 4 லட்சம். 80 லட்ச ரூபாய் வேலையில் இது சரியாக 5%. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையிலேயே பாறை தட்டினால் தேவை 10 லட்சம், கையில் 4. இந்தச் சராசரிக் கணக்கு பல சிறு இடர்கள் சேர்ந்திருக்கும்போதுதான் உதவும். ஒரே பெரிய இடர் இருந்தால் சதவீதத்தை நம்பாமல் முதலில் மண் பரிசோதனைக்குத் துளை போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் வரிக்கு 'நேரிடக்கூடிய கூடுதல் செலவுக்கு 5%' என்பது என் பரிந்துரை. நீளம்தான், ஆனால் விலை உயர்வோடு கலக்காது.

அரசு அலுவலக ஆவணம் கலந்து வந்தால் இன்னொரு பொருளும் எதிர்ப்படும். அங்கே 'ஆபீஸ் கன்டின்ஜென்சி' என்பது எழுதுபொருள், அஞ்சல்தலை, துடைப்பம் வாங்கும் சில்லறைச் செலவினம். மாதாமாதம் வருவது, அதில் நிச்சயமின்மை எதுவும் கிடையாது.

---

மேகம்_பார்த்தல்:

5ஆம் வாக்கியத்தை யாரும் தொடவில்லை. மோட்டார் அறையை மூடுவது அதை நம்பி நடக்கிறது என்பதால் இதுதான் அவசரமானது.

'லைக்லி' என்ற சொல்லுக்கு யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவான ஐபிசிசி அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் 66 முதல் 100%, 'வெரி லைக்லி' 90க்கு மேல், 'வர்ச்சுவலி செர்டன்' 99க்கு மேல். 'அபவுட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்' 33 முதல் 66 வரை. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் அறிக்கைகளில் உள்ள விளக்கக் குறிப்பிலோ 'லைக்லி' 25 முதல் 50%, 'வெரி லைக்லி' 50 முதல் 75, 'மோஸ்ட் லைக்லி' 75க்கு மேல். ஆகவே வானிலைத்துறை 'லைக்லி' என்று சொன்ன மழை பாதிக்கு மேற்பட்ட தடவை பெய்யாமல் போகலாம். அது முன்னறிவிப்பின் பிழை அல்ல. அதே சொல்லை ஐபிசிசி கணக்கில் வாசித்துவிட்டு 'சொன்னார்கள், பெய்யவில்லை' என்று சலித்துக்கொள்வது வாசிப்பவர் பிழை.

இன்னொரு குழப்பம் இடப்பரப்பு. 'ஓரிரு இடங்களில்', 'ஒருசில இடங்களில்', 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று சென்னை மண்டல மையம் சொல்வது நிகழ்தகவு அல்ல, அந்தப் பகுதியின் நிலையங்களில் எத்தனை சதவீதத்தில் மழை பதிவாகும் என்பது. 'ஓரிரு' 25% வரை, 'ஒருசில' 26 முதல் 50, 'அநேக' 51 முதல் 75, அதற்கு மேல் 'பெரும்பாலான'. நிச்சயமும் பரப்பும் இரண்டு தனி அளவுகோல்கள். பாதுகாப்புத் திட்டத்தில் இரண்டையும் 'மழைக்கு வாய்ப்பு' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் காவலாளி எப்போது அறையை மூடுவது?

இந்தச் சிக்கலை எண்ணால் அளந்து காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவுத்துறையின் ஷெர்மன் கென்ட். 1951இல் யுகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க 'சீரியஸ் பாசிபிலிட்டி' உண்டு என்று ஒரு மதிப்பீடு எழுதினார்கள். கென்ட் மனத்தில் இருந்தது 100க்கு 65. அதே வாசகத்துக்கு ஒப்புதல் தந்த சக அதிகாரிகளைக் கேட்டால் ஒருவர் 80 என்கிறார், இன்னொருவர் 20 என்கிறார். அதன் பிறகுதான் அவர் சொல்லுக்கு எண் கட்டும் அட்டவணை போட்டார். 'ப்ராபபிள்' என்றால் 75, ஏறக்குறைய 12 கூடுதல் குறைவாக. அந்த அட்டவணையில் பாசிபிள் என்ற சொல்லுக்கு எண்ணே தரவில்லை. ஓலைச்சுவடி மேலே சொன்ன காரணம்தான்.

மருந்து உறைத்தாள்களிலும் இதே ஏற்பாடு உண்டு. ஐரோப்பிய விதிப்படி பக்கவிளைவு 'காமன்' என்றால் 100 பேரில் ஒருவர் முதல் 10 பேரில் ஒருவருக்குக் கீழ் வரை, 'ரேர்' என்றால் 10,000 பேரில் ஒருவர் முதல் 1,000 பேரில் ஒருவருக்குக் கீழ் வரை. 'அரிதாக' என்று தமிழில் எழுதினால் பக்கத்தில் அந்த எண்ணும் வர வேண்டும்.

உங்கள் 5ஆம் வரியில் சொல்லைவிட்டு எண்ணைப் பிடியுங்கள். 'கனமழைக்கான நிகழ்தகவு 25%க்கு மேல் என்று வானிலை ஆய்வுத்துறை அறிவித்தால்' என்று எழுதிவிட்டு, மூல ஆவணக்காரர்களிடம் அந்த வரம்பு சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

---

வாய்தா:

4ஆம் வாக்கியம் என் பங்கு. 'கன்டின்ஜென்ட் அப்பான்' என்பதை 'அனுமதிக்கு உட்பட்டு' என்று மாற்றிவிடாதீர்கள். 'சப்ஜெக்ட் டு' என்பதற்குத்தான் அது. 'அனுமதிக்கு உட்பட்டு' என்று வாசிப்பவர், பணம் தந்தாக வேண்டும், அனுமதியின் நிபந்தனைகளுக்குள் தர வேண்டும் என்று பொருள் கொள்ள இடமுண்டு. இங்கே அனுமதி கிடைக்காவிட்டால் பணமே கிடையாது. 'அனுமதி கிடைத்தால் மட்டுமே பணம் வழங்கப்படும்' என்று நேராக எழுதுங்கள்.

சட்ட அடிப்படை இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872. பிரிவு 31 கன்டின்ஜென்ட் ஒப்பந்தத்தை வரையறுக்கிறது: ஒப்பந்தத்துக்குப் புறம்பான ஒரு நிகழ்வு நடந்தால் அல்லது நடக்காவிட்டால் ஒன்றைச் செய்வதாக ஏற்பது. சட்டமே தரும் உதாரணம், 'உன் வீடு எரிந்தால் உனக்கு 10,000 ரூபாய் தருகிறேன்' என்பது. பிரிவு 32-இன்படி அந்த நிகழ்வு நடக்கும் வரை வழக்குப் போட முடியாது, நடக்கவே முடியாது என்று ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. பிரிவு 36 முதலிலிருந்தே நடக்க முடியாத நிகழ்வைப் பற்றியது. இரண்டு நேர்கோடுகள் ஒரு இடத்தை அடைத்தால் 1,000 ரூபாய் தருகிறேன் என்பது அங்குள்ள உதாரணம். சட்டப் புத்தகத்தில் ஜியோமெட்ரி எட்டிப் பார்க்கும் அபூர்வ இடம்.

ஆண்டறிக்கையில் வழக்குச் செலவு பற்றி 'கன்டின்ஜென்சி ஃபீ' என்று வந்தால் அது எதிர்பாராக் கட்டணம் அல்ல, வென்றால் மட்டும் வழக்கறிஞருக்குத் தரும் பங்கு. அமெரிக்க வழக்குகளில் சாதாரணம். இந்தியாவில் வழக்கின் முடிவைச் சார்ந்து கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடுக்கின்றன. எனவே அந்தச் சொல் வந்த பக்கம் எந்த நாட்டு வழக்கைப் பேசுகிறது என்று பாருங்கள்.

அரசியலமைப்பின் 267ஆம் பிரிவில் உள்ள கன்டின்ஜென்சி ஃபண்ட் இன்னொரு வகை. நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் முன்பே அரசு செலவழிக்க நேர்ந்தால் குடியரசுத் தலைவர் பெயரில் உள்ள இந்த நிதியத்திலிருந்து முன்பணம் எடுத்து, பிறகு துணை மானியக் கோரிக்கை நிறைவேறியதும் திருப்பி நிரப்புவார்கள். 2021இல் இதன் அளவை 500 கோடியிலிருந்து 30,000 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். முன்கூட்டிக் கணிக்காத செலவு என்பதால் 'எதிர்பாராச் செலவு நிதியம்' என்பது இங்கே பொருந்தவே செய்கிறது.

---

தாள்புரட்டி:

2ஆம் வாக்கியத்துக்கு 'நிகழத்தகு பொறுப்பு', 3க்கு 'நேரிடக்கூடிய கூடுதல் செலவுக்கு 5%', 4க்கு 'கிடைத்தால் மட்டுமே' என்று வைத்துவிட்டேன். 5ஆம் வரியின் வரம்பைக் கேட்டு மூல நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: பாதுகாப்புத் திட்டத்தில் '12 பேர் கொண்ட கன்டின்ஜென்ட் ஆலை வாயிலில் நிறுத்தப்படும்' என்று ஒரு வரி. இது எந்தப் பொருள்?

---

ஓலைச்சுவடி:

இது பெயர்ச்சொல். ஒரு பெரிய அமைப்பு தன் பங்காக அனுப்பும் குழு. ஒலிம்பிக்குக்குப் போகும் 'இந்தியன் கன்டின்ஜென்ட்' போல. வேர் ஒன்றானாலும் நிச்சயமின்மை இதில் துளியும் இல்லை. '12 பேர் கொண்ட காவல் குழு' என்று எழுதுங்கள், யார் அனுப்பும் காவலர்கள் என்பது முந்தைய பத்தியில் இருக்கும்.